நாலாம் குவியல்

பதவி உயர்வுப் படிவத்தின்
ஒன்பதாம் பத்தி கேட்கிறது:
துறைக்குத் தங்கள் முதன்மைப் பங்களிப்பு,
ஐம்பது சொற்களுக்கு மிகாமல்.

மே மாதம், வேலூர்.
ராத்திரி பத்து மணிக்கும்
எதிரே மலைப்பாறை
பகல் வெயிலைத் துப்பிக்கொண்டிருக்கிறது.
எழுதுகிறேன்:
வகைப்படுத்துதல் என்பது மூளைக்குள் நடக்கும் தனிவேலையல்ல,
ஓர் ஊரே சேர்ந்து செய்வது.
ஒன்பது சொற்கள்.
நாற்பத்தொன்று மிச்சம்.

தொண்ணூற்றெட்டில்
குடியாத்தத்தில் பஸ் மாறி
பேரணாம்பட்டுத் தோல் மண்டிக்குப் போவேன்.
முதல் வாரம் மூக்கில் கைக்குட்டை.
இரண்டாம் வாரம் அது பைக்குள்.
மூன்றாம் வாரம்
விடுதி அறைத்தோழி கட்டிலை நகர்த்திப் போட்டபோதுதான்
நாற்றம் என்னிடம் என்று தெரிந்தது.
(இதையும் ஒரு கட்டுரையாக்கினேன்.
யாரும் படிக்கவில்லை.)

அங்கே மேசையருகே முனிரத்தினம்.
ஈரம் சொட்டும் நீலத்தோலை ஒரு வீச்சில் விரிப்பார்,
உள்ளங்கையால் ஒருமுறை தடவுவார்,
எறிவார்.
ஏழு குவியல்.
ஒரு தோலுக்கு நாலு நொடி.
என் ஸ்டாப்வாட்ச் சாட்சி.

மூன்றுக்கும் நாலுக்கும் என்ன வித்தியாசம்?
"இது மூணு. அது நாலு."
உண்ணிக் கடியா?
"மூணுலயும்தான் கீது."
முள் கீறலா?
"ரெண்டுலயே கீதே."
பின் எப்படி?
"இன்னாமா நீ," என்று சிரித்துவிட்டு
அடுத்ததை எடுத்தார்.

நான் விடவில்லை.
முனைவர் பட்டம் என்பது விடாமலிருப்பது.
டேப்ரெக்கார்டருக்கு பேட்டரி மாற்றி மாற்றி
ஆறு வாரம் கேட்டேன்.
ஒருநாள் தோலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து,
"வயித்துப் பக்கம் தளர்ந்திருந்தா நாலு,
ஆனா கழுத்து கெட்டியா இருந்தா..."
என்று நிறுத்தினார்.
நோட்டில் இரண்டு கோடு போட்டுக்கொண்டேன்.
பஸ்ஸில் எனக்கு நானே கைகுலுக்கிக்கொண்டேன்.

மறுநாள் ஒரு தோலை இரண்டு முறை எடுத்தார்.
ஆறு நொடி.
வாரக் கடைசியில் ஒன்பது.
பிறகு பதினொன்று.
"நீ கேக்கக் கேக்க
கையி யோசன பண்ணுதுமா,"
என்றார்.
கோபமே இல்லை,
தாமதமாக வரும் பஸ்ஸைப் பற்றிச் சொல்வதுபோல.

ஆம்பூரிலிருந்து ஒரு லோடு திரும்பி வந்தது.
மூன்றாம் தரத்தில் எண்பது நாலாம் தரம்.
முதலாளி நல்லவர், வேலையை விட்டு எடுக்கவில்லை.
சுண்ணாம்புக் குழிப் பக்கம் அனுப்பினார்.
கூலி பாதி.

என்னிடமோ அட்டவணை மூன்று இருந்தது.
அவ்வளவு அழகாய்ச் சரியும் கோட்டை
அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.
விளக்கச் சொன்னால் திறன் குலைகிறது
என்றது கட்டுரை.
வெளிநாட்டு இதழ், இரண்டு மாநாடு,
இந்தக் கல்லூரி,
காட்பாடியில் வங்கிக் கடனில் ஒரு வீடு.
அடிக்குறிப்பில் ஒரு வரி:
'தகவலாளி 17 பின்னர் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார்.'
செயப்பாட்டு வினையில்
யாருக்கும் கை இல்லை.

இருபத்தாறு வருடம்
எந்த மதிப்பீட்டாளரும் கேட்கவில்லை.
இந்த வருடம் கடைசி பெஞ்சிலிருந்து
ஃபர்ஹானா கேட்டாள்,
அவளும் பேரணாம்பட்டு:
"மேடம், அந்தப் பதினேழு அப்புறம் என்ன ஆனாரு?"
"அது ஆய்வின் எல்லைக்கு வெளியே," என்றேன்.
குனிந்து எழுதிக்கொண்டாள்.

படிவத்தை ஒதுக்கிவிட்டு
விடைத்தாள் கட்டைப் பிரிக்கிறேன்.
புரட்டுகிறேன், மேலிருந்து கீழ் ஒரு பார்வை,
ஐம்பத்திரண்டு, நாற்பத்தெட்டு, அறுபது.
ஏன் என்று கேட்க யாரும் பக்கத்தில் இல்லை.
பிறகு அந்தத் தாள்.
பெயர் கிடையாது, எண்தான்,
ஆனாலும் தெரிகிறது.
கேள்வி ஏழு:
ஆய்வாளரின் பொறுப்பு எதுவரை?
கீழே ஒரே வரி,
மேற்கோள் குறிக்குள், என் வாக்கியம்.

சரி என்பதா, தவறு என்பதா?
சிவப்புப் பேனா தாளின் மேலேயே நிற்கிறது.
நாலு நொடி எப்போதோ கழிந்துவிட்டது.